குசினிக்குள் கமராவோடு போகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் இருபது வருஷமாகப் பிள்ளைகளின் முதற் குறும்படங்களுக்குப் படத்தொகுப்புச் செய்து கொடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, சீனப் பிள்ளைகளும் பிலிப்பினோப் பிள்ளைகளும் வருவார்கள். அநேகமாக எல்லாரும் கொண்டுவருவது ஒரே கதைதான்: வீட்டுப் பெரியவர்களுக்கும் தங்களுக்கும் நடுவில் கிடக்கிற தூரம். அதை எப்படிப் படமாக்குவது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் தாளில் "தலைமுறை இடைவெளி" என்று எழுதியிருந்தால் அதை வெட்டுங்கள். விடிய எழும்பினதும் அம்மாவின் கை எதைத் தொடுகிறது என்று எழுதுங்கள். 2018இல் வந்த 'பாவோ'வை எடுத்த டோமி ஷீ இதே ரொறன்ரோவில் வளர்ந்தவர். எட்டு நிமிஷப் படம், பேச்சே இல்லை. மகன் வீட்டைவிட்டுப் போன சீனத் தாய் ஒருத்தி பிடித்த கொழுக்கட்டை உயிர்பெற்று, பிள்ளையாக வளருகிறது. வளர்ந்து, ஒரு பெண்ணோடு புறப்படும்போது தாய் மறித்து, இழுபறியில் அதை விழுங்கிவிடுகிறாள். ஷீ தன் சொந்தத் தாயை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, வரைகிறவர்களுக்கு மாவை மடிக்கப் பழக்கினார். அந்த விரல்கள் பிழைத்திருந்தால் விழுங்கினதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2019இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. நீங்கள் இடியப்பம் பிழிவதைக் காட்டுவதென்றால், உரலை அழுத்தும்போது அம்மாவின் வலது தோள் ஏறுவதையும், தட்டில் கடைசி நூலை அவர் சுண்டி அறுப்பதையும் எடுங்கள். நடிகை ஒருவர் நடிக்கிறாரென்றால், அவரை ஒரு கிழமை உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கவிடுங்கள்.

2. ஒரு அறை போதும். சஞ்சய் பட்டேலின் 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' (2015) ஏழு நிமிஷம். கூடத்தின் ஒரு பக்கம் தகப்பனின் பூசை மணி, மறுபக்கம் மகனின் தொலைக்காட்சி. இரண்டு சத்தமும் மோதுகிற அந்த ஒரு காலைப்பொழுதில் அவர் பிள்ளைப்பருவம் முழுவதும் அடங்கிவிட்டது. ஊர், விமானம், முதல் பனி என்று எல்லாவற்றையும் பத்து நிமிஷத்துக்குள் திணிக்காதீர்கள்.

3. அம்மா தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்வாள். எங்கள் வீடுகள் அப்படித்தான் கதைக்கின்றன. அதைத் திருத்தி எழுத வேண்டாம். ஒரு மாணவியின் படத்தில், பெரிய சண்டைக்குப் பிறகு அம்மா மாடிப்படியில் நின்று, "பிள்ளை, தேத்தண்ணி வைக்கட்டே?" என்கிறார். கதவு திறக்கவில்லை. கோப்பையைச் சின்னத் தட்டால் மூடி, வாசலில் வைத்துவிட்டு இறங்குகிறார். கீழே வரும் ஆங்கில வரியில் அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருந்தாள், மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று. எடுக்கச் சொன்னேன். தேநீர் வேண்டுமா என்று மட்டும் எழுதினோம். எந்த நாட்டுக்காரருக்கும் தாய் இருக்கிறாள், அவர்களுக்கு விளங்கியது.

4. அப்பாவை வில்லனாக்காதீர்கள். பொபி ரூபியோவின் 'ஃப்ளோட்' (2019) படத்தில் பிலிப்பினோ அமெரிக்கத் தகப்பன், மற்றப் பிள்ளைகளைப்போல இல்லாத மகனைப் பார்த்து ஒரே ஒருமுறை கத்துகிறான். படத்தில் பேச்சென்று இருப்பது அது மட்டும்தான். அதற்கு முன் அவன் பட்ட பயம் முழுவதையும் நாம் பார்த்துவிட்டதால் அவனை வெறுக்க முடியாது.

5. ஒலிப்பதிவின்போது ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள். கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவி எடுக்கப் போகையில் திரும்பப் போட ஞாபகம் வரும்.

6. பெரியவர்கள் உங்கள் படத்துக்கான சோகச் சரக்கு அல்ல. ஷான் வாங்கின் 'நைநை அண்ட் வைபோ' (2023) கலிஃபோர்னியாவில் ஒரே வீட்டில் வாழும் அவருடைய அப்பம்மாவையும் அம்மம்மாவையும் பற்றியது. அந்தச் சீனச் சொற்களின் பொருளும் அதுவே. சம்பந்திகள் இருவரும் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள், ஆடுகிறார்கள், சண்டை பிடித்து விளையாடுகிறார்கள், சாவைப் பற்றியும் கதைக்கிறார்கள். பேரனுக்கு முன்னால் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. அந்த நம்பிக்கையை நான் ஒருமுறை கெடுத்திருக்கிறேன். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்ததை ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில், "போதும் தம்பி" என்றார். நான் கமராவை நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கு எரிவதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முன்றானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். அந்தத் துண்டை நான் எங்கும் சேர்த்ததில்லை. அவரும் பிறகு என் கமராவுக்கு முன்னால் இருந்ததில்லை. போதும் என்றால் உடனே நிறுத்துங்கள். விளக்கு அணைந்ததை அவர்கள் காணும்படி நிறுத்துங்கள்.

7. முடிந்த படத்தை விழாவுக்கு அனுப்பமுன் வீட்டுச் சோபாவில் போட்டுக் காட்டுங்கள். அன்றைக்கே பழைய அல்பத்தையும் இறக்குங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அம்மம்மா சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும்.