முகம் ஒரு பக்கம் கோணினால் நெற்றியைப் பாருங்கள்

 

காலையில் ஒளு செய்யும்போது, வாய் கொப்புளிக்கும் தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, ஒரு கண் மூடவில்லை. வீட்டில் ஒருவர் "வாதம் அடித்துவிட்டது" என்கிறார். இன்னொருவர் "காற்றுப் பட்டிருக்கும், தானாகச் சரியாகும்" என்கிறார். மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருபவர்களில், முகம் கோணி ஒரு வாரம் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே டாக்டரிடம் போனவர்கள் உண்டு. அதனால்தான் இம்மாத மருத்துவப் பாடமாக முக நரம்பை எடுத்துக்கொண்டோம்.

முக நரம்பு போகும் வழி

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. பள்ளிப் பாடத்தில் இவற்றைக் கபால நரம்புகள் என்று படித்திருப்போம். இவற்றில் ஏழாவது முக நரம்பு. வலது பாதி முகத்துக்கு ஒன்று, இடது பாதிக்கு ஒன்று. மூளைத் தண்டில் தொடங்கி, காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியே சென்று, காதின் கீழ்ப்புறம் வெளியே வந்து, முகத்தில் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. சிரிப்பதும், கண் மூடுவதும், புருவம் உயர்த்துவதும் இதன் வேலை. நாக்கின் முன்பகுதி அறியும் சுவையும் இதன் வழியாகவே மூளைக்குப் போகிறது. கண்ணீர் சுரப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

அந்த எலும்புக் குழாய்க்குள் நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடும். அந்தப் பக்க முகம் முழுவதும் தொய்ந்துவிடும். இதற்கு 'பெல்ஸ் பால்ஸி' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை ஆராய்ந்த சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர் இது. ஆனால் அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே அல் ராஸி தமது 'அல் ஹாவி' நூலில் முக வாதத்தைப் பற்றி எழுதியுள்ளார். அரபு மருத்துவத்தில் இதற்கு 'லக்வா' என்று பெயர்.

டாக்டர் செய்யும் சோதனை

1. புருவத்தை உயர்த்தச் சொல்வார். நெற்றியில் இருபுறமும் சுருக்கம் விழுகிறதா?
2. கண்களை இறுக மூடச் சொல்வார். இரண்டும் முழுமையாக மூடுகின்றனவா?
3. பல்லைக் காட்டச் சொல்வார். வாய் ஒரு பக்கமாக இழுக்கிறதா?
4. கன்னத்தை உப்பச் சொல்வார். காற்று ஒரு ஓரமாகக் கசிகிறதா?

இவற்றில் முக்கியமானது முதல் சோதனை. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. முகத்தின் கீழ்ப்பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே வருகிறது. இரண்டு லைன் கரண்ட் உள்ள வீட்டில் ஒன்று போனாலும் விளக்கு எரிவதுபோல, பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் பழுதானாலும் நெற்றி சுருங்கும். வாய் மட்டும் கோணும். பெல்ஸ் பால்ஸியில் நரம்பே செயலிழப்பதால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது.

ஆனால் வீட்டில் பார்ப்பதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலவகைப் பக்கவாதத்தில் நெற்றியும் செயலிழக்கும். எனவே திடீரென முகம் கோணினால், எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

பெல்ஸ் பால்ஸி என்று டாக்டர் உறுதி செய்தால், ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்ல பலன் தரும். சர்க்கரை நோயாளிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரையால் சர்க்கரை ஏறும். காதுக்குள் கொப்புளமோ கடும் வலியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வேறு வகை. அதற்கு வைத்தியமும் வேறு.

மூடாத கண்ணை மறந்துவிடாதீர்கள். காய்ந்துபோனால் கருவிழியில் புண் விழும், பார்வையே கெடலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, வெளியே போகும்போது கண்ணாடி என டாக்டர் சொன்னபடி பாதுகாக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முகம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

புறா ரத்தம் தடவுவது, சூடு வைப்பது போன்றவற்றால் பயனில்லை, நேரம்தான் வீணாகும். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஓதலாம்.

இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.