நகையை அடகு வைத்து கோர்ஸில் சேரலாமா?

கேள்வி: பி.காம் முடித்திருக்கிறேன். டேலி தெரியும். கல்யாணத்துக்கு முன்பு ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஒரு வருடம் பில் என்ட்ரி போட்டேன். இப்போது கைக்குழந்தை, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸராக வேலை பார்க்க ஆசை. யூடியூபில் ஒருவர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்கிறார், இன்னொருவர் வீடியோ எடிட்டிங், மற்றவர்கள் ஏ.ஐ. நாற்பதாயிரம் கட்டினால் வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருவதாக ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சொல்கிறார்கள். நகையை வைத்துச் சேரலாமா? எதைக் கற்றால் வேலை கிடைக்கும்?
- வாசகி, திருப்புலிவனம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், சகோதரி. ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு நீங்கள்தான் ஆர்டர்.

எதற்கு கிராக்கி என்று கோர்ஸ் விற்பவரைக் கேட்டால் அவர் தன் கோர்ஸைத்தான் சொல்வார். கூலி கொடுப்பவரைக் கேளுங்கள். உத்திரமேரூர் பஜாரில் உரக்கடை, ஹார்டுவேர் கடை, ரைஸ் மில் என்று நாலு முதலாளிகளிடம், "கணக்குல உங்களுக்குப் பெரிய தலைவலி எது?" என்று விசாரியுங்கள். பாதிப் பேராவது ஜி.எஸ்.டி. என்பார்கள் என்பது என் கணிப்பு.

அந்தத் தலைவலி இதுதான். சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் பில்லைக் காட்டி, அது ஜி.எஸ்.டி. தளத்தில் வாங்கியவரின் 2பி பட்டியலில் வந்தால்தான், வாங்கியவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். 2022 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைக்கு 2பி 14-ம் தேதி வரும், 3பி ரிட்டர்னை 20-ம் தேதிக்குள் போட வேண்டும். அந்தச் சில நாளில் டேலியின் கொள்முதல் பட்டியலையும் 2பி-யையும் எக்செல்லில் ஒப்பிட வேண்டும். பில் நம்பர் ஒரு பக்கம் 045 என்றிருக்கும், மறுபக்கம் 45. நமக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு வேறு வேறு. வரி எண்ணில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு பில் சிக்கவில்லையென்றால், காஞ்சிபுரம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு போன் போட்டு, "அண்ணே, போன மாச பில்லை இன்னும் ஏத்தலையே" என்று விடாமல் கேட்க வேண்டும்.

பில் என்ட்ரியை மட்டும் நம்பாதீர்கள். பில்லை ஸ்கேன் செய்து தானே பதிந்துகொள்ளும் சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. அதற்கான கூலி இனி இறங்கத்தான் செய்யும். ஒப்பிட்டுப் பார்த்து, ஆளைப் பிடித்துக் கேட்கிற வேலைக்குத்தான் மதிப்பு. அதற்கு வேண்டியதில் முக்கால்வாசி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீடியோ எடிட்டிங் ஒன்றும் மோசமான தொழில் இல்லை, ஆனால் அதில் நீங்கள் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். எக்செல்லில் எக்ஸ்லுக்கப், பிவட் டேபிள், பவர் குவெரி மூன்றையும் இலவச வீடியோக்களிலேயே கற்கலாம். பி.காம் இருப்பதால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகவும் விண்ணப்பிக்கலாம்; அதற்கொரு தேர்வு உண்டு. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலில் நிற்க முடியாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய உத்திரமேரூர் உங்கள் பக்கத்து ஊர். கணக்கு எழுதுவதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள்.

வெளிநாட்டு ஆர்டர் இரண்டாம் கட்டம். அப்வொர்க்கில் கணக்குப் பதிவு வேலைகளுக்கான விளம்பரங்களைப் படித்து, எந்த சாப்ட்வேர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். குவிக்புக்ஸ், ஜீரோ (Xero) இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். இரண்டுக்கும் அந்த நிறுவனங்களே இலவசமாகப் பயிற்சியும் சான்றிதழும் தருகின்றன. விலை சொல்லும்போது கமிஷனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபைவர் தளம் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

மாதிரி வேலை காட்டச் சொன்னால், பழைய ஆடிட்டர் ஆபீஸ் பில்களை எடுத்து நீட்டிவிடாதீர்கள். அது அடுத்தவர் ரகசியம். கற்பனையாக ஒரு மளிகைக் கடையை வைத்து மூன்று மாதக் கணக்கை நீங்களே தயாரியுங்கள். உள்ளூரில் முதல் கடையைக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ளலாம், இலவசமாக வேண்டாம். இலவசமாகச் செய்தால், அடுத்த மாதம் பணம் கேட்கும்போது முதலாளிக்கு முகம் மாறும்.

அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு அட்வான்ஸ் ஏதும் அனுப்பியிருந்து, இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார்களா? அப்படியானால் இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.