முதலில் சோதித்துப் பார், மகளே

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உபவாச ஜெபத்துக்கு வந்திருந்த ஊழியக்காரர் அத்தனை பேர் நடுவிலும் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, நர்ஸ் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி கர்த்தர் சொல்லுகிறார் என்றாராம். உனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்ததாம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் ராஜினாமா கொடுக்காவிட்டால் ஆவியானவரைத் துக்கப்படுத்தினதாகுமோ என்று பயப்படுகிறாய். பேசினது கர்த்தர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறாய்.

இப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால், அதைத் தள்ளிவிடு. சோதித்துப் பார்க்கச் சொல்வது வேதம்தான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பார். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதிக்கும்படியும் சொல்கிறார். பெரோயா பட்டணத்தார் பவுலுடைய பிரசங்கத்தையே தினமும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்குத் திட்டு விழவில்லை, நற்சாட்சிதான் கிடைத்தது. அப்போஸ்தலனையே சோதிக்கலாம் என்றால், உபவாச ஜெபத்துக்கு வந்தவரைச் சோதிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

உன் கேள்விக்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான பதில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் சொன்னது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்தாம்ப்டன் ஊரின் போதகர் அவர். 1734, 35ஆம் வருஷங்களில் அவருடைய சபையில் பெரிய எழுப்புதல் உண்டானது. 1740இல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் வந்து பிரசங்கித்த பிறகு அது நியூ இங்கிலாந்து முழுவதும் பரவியது. கூட்டங்களில் ஜனங்கள் கதறினார்கள், நடுங்கினார்கள், மயங்கி விழுந்தார்கள். இதெல்லாம் பரிசுத்த ஆவி என்றது ஒரு கூட்டம். வெறும் உணர்ச்சிக் கொதிப்பு என்றார் பாஸ்டனில் இருந்த சார்ல்ஸ் சான்சி என்ற போதகரும் அவரோடிருந்தவர்களும். இந்தச் சண்டை நடுவில், 1741 செப்டம்பரில், யேல் கல்லூரியில் எட்வர்ட்ஸ் ஒரு பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட வசனம், ஆவிகளைச் சோதிக்கச் சொல்லும் 1 யோவான் 4:1.

அவர் முதலில் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எவையெல்லாம் அத்தாட்சி ஆகாது என்று சொல்லித் தொடங்கினார். அழுகையும் நடுக்கமும் இருக்கிறதா? அதைக் கொண்டு இது தேவ ஆவி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊர் முழுக்க இதே பேச்சா? அதுவும் அத்தாட்சி இல்லை. தரிசனம் கண்டேன் என்கிறார்களா? அதுவும் அப்படித்தான். பங்குபெற்ற சிலர் புத்தியில்லாமல் நடந்துகொண்டதாலோ பின்வாங்கிப் போனதாலோ நடந்தது எல்லாமே பொய் என்றும் ஆகிவிடாது.

உன் அழுகையை இங்கே வைத்துப் பார். ராத்திரி டியூட்டி முடிந்து நேராக உபவாசத்துக்குப் போயிருக்கிறாய். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஸ்பீக்கர் காதடைக்கிறது, அத்தனை பேர் பார்க்க எழுந்து நிற்கிறாய். அப்பா இறந்துபோன வருஷத்திலிருந்து உனக்குள் அடக்கி வைத்த துக்கமும் உண்டு. இந்த நிலையில் யாருக்கும் கண்ணீர் வரும். கர்த்தர் தொட்டாலும் கண்ணீர் வரும். ஆகவே உன் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலையை விடுவதா வேண்டாமா என்பதற்கு அந்தக் கண்ணீர் பதில் சொல்லாது.

அப்படியென்றால் எது சொல்லும்? எட்வர்ட்ஸ் அந்த நான்காம் அதிகாரத்திலிருந்தே ஐந்து அடையாளங்களை எடுத்தார். சுவிசேஷங்கள் காட்டுகிற இயேசுவை ஜனங்கள் உயர்வாக எண்ணுகிறார்களா? பாவத்தை விடுகிறார்களா? வேதத்தின் மேல் மதிப்பு கூடுகிறதா? சத்தியத்துக்குக் கண் திறக்கிறதா? தேவனிடத்திலும் மனுஷரிடத்திலும் அன்பு வளருகிறதா? ஆவி செய்த வேலையென்றால் இவை தெரியும் என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு உன் வாயில் அடிக்கடி வருவது யாருடைய பெயர் என்று நீயே யோசித்துப் பார். உன் கடிதத்தில் அந்த ஊழியக்காரரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. குறை சொல்ல இதை எழுதவில்லை, நீ கவனித்திருக்கமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்தாவது அடையாளத்தைச் சொல்லும்போது எட்வர்ட்ஸ் ஓர் எச்சரிப்பும் கொடுத்தார். அன்பிலும் போலி உண்டாம். மற்ற எல்லாரிடமிருந்தும் வித்தியாசப்பட்டு நிற்கும் ஒரு சிறு கூட்டம், அந்த வித்தியாசத்தினாலேயே ஒருவரோடொருவர் இறுகக் கட்டிக்கொள்ளும். உலகம் பரியாசம் செய்யச் செய்ய அந்தக் கட்டு இன்னும் இறுகும். பார்க்கிறவர்களுக்கு அது கிறிஸ்துவின் அன்பு போலவே இருக்கும். உள்ளே இருப்பது சுயநேசம். உண்மையான அன்பு தாழ்மையோடு வரும், கூட்டத்துக்கு வெளியே இருக்கிறவனையும் தேடிப்போகும். அந்த ஜெபக் குழுவில் உங்கள் சபை ஐயரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்களெல்லாம் அபிஷேகம் இல்லாதவர்கள் என்கிறார்களா? அம்மாவைப் பற்றி, மாம்சப் பாசம் உன்னைத் தடுக்கிறது என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதை மறக்காதே.

எட்வர்ட்ஸ் காலத்திலேயே நடந்த ஒரு கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்று ஒரு வாலிபப் போதகர். யேலில் படித்தவர். லாங் ஐலண்டில் சவுத்தோல்ட் சபையைக் கவனித்து வந்தார். கர்த்தர்மேல் வைராக்கியம் உள்ளவர், அதில் சந்தேகம் இல்லை. எழுப்புதல் வந்தபோது தன் சபையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் புறப்பட்டார். போகிற ஊரிலெல்லாம் அந்தந்தச் சபைப் போதகர்களை மனந்திரும்பாதவர்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். மனதில் திடீரென்று எழுகிற ஏவுதலை, வேறு எதோடும் ஒத்துப்பார்க்காமல், கர்த்தருடைய கட்டளையாக எடுத்துக்கொண்டார். 1742இல் கனெக்டிகட் சட்டமன்றம் அவருக்குப் புத்தி கலங்கியிருப்பதாகத் தீர்மானித்துத் திருப்பி அனுப்பியது. அவர் நிற்கவில்லை.

1743 மார்ச் மாதம் நியூ லண்டன் என்ற துறைமுக ஊரில், ஓய்வுநாளில், அவர் பேச்சைக் கேட்டு ஜனங்கள் தெருவில் நெருப்பு மூட்டினார்கள். அதில் போட்டவை கெட்ட புஸ்தகங்கள் அல்ல. ஜான் ஃபிளாவல், இன்க்ரீஸ் மாதர் போன்ற பக்தர்களின் புஸ்தகங்களைப் பாட்டுப் பாடிக்கொண்டே எரித்தார்கள். மறுநாள், விக்கிரகமாகிப்போன ஆடை அலங்காரங்களை எரிக்க வேண்டும் என்று ஏவப்பட்டார்கள். டேவன்போர்ட் தன் கால்சட்டையையும் கொண்டுவந்து அந்தக் குவியலில் போட்டார். அவரைப் பின்பற்றினவர்களிலேயே ஒரு பெண் அதை எடுத்து அவரிடம் திருப்பி எறிந்தாள் என்பார்கள். அந்த இடத்தில்தான் ஜனங்களுக்குச் சுயநினைவு வந்தது. மாதக் கடைசியில் எட்வர்ட்ஸும் வேறு சில போதகர்களும் அந்த ஊருக்கு வந்து, கலங்கிப்போனவர்களை ஆற்றித் தேற்ற வேண்டியதாயிற்று.

டேவன்போர்ட் பொய்யர் அல்ல, அதைக் கவனி. பணத்துக்காகவும் செய்யவில்லை. அந்த நாட்களில் அவருக்கு உடம்பு சரியில்லை, கால் வீங்கிக் காய்ச்சலில் இருந்தார். சரீரம் தளர்ந்திருக்கும்போது மனதில் எழுகிற சத்தத்தை அப்படியே நம்பினார். பின்பு எலியேசர் வீலக், சாலமன் வில்லியம்ஸ் என்ற இரண்டு போதகர்கள் பொறுமையாக அவரோடு பேசியும் எழுதியும் வந்தார்கள். 1744இல் தன் தவறுகளை ஒவ்வொன்றாக அறிக்கையிட்டு அச்சில் வெளியிட்டார். போதகர்களை நியாயந்தீர்த்தது, சபையைப் பிரிந்துபோகச் சொன்னது, மனதில் எழுந்த ஏவுதல்களை நடக்கைக்குப் பிரமாணமாக வைத்தது எல்லாம் அதில் உண்டு. தன்னைப் பொய்யாவி நடத்தியது என்றே எழுதினார். அச்சில் ஏற்றி ஊரறியச் சொல்ல எவ்வளவு தாழ்மை வேண்டும்! அந்த அறிக்கைக்காகவே அவரை நான் மதிக்கிறேன். எரிந்துபோனவை மட்டும் திரும்பி வரவில்லை.

வேதத்தில் இதைவிடக் கடினமான ஒரு கதை உண்டு. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்குக் கட்டளை தெளிவாக இருந்தது: போன இடத்தில் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது. ராஜா கூப்பிட்டபோது மறுத்துவிட்டான். ஆனால் கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தேவதூதன் தன்னிடம் பேசியதாகச் சொன்னதும் கூடப்போய்விட்டான். கிழவன் சொன்னது பொய். கேட்டுப் போனவன் வழியிலே சிங்கத்தால் செத்தான். எத்தனை பெரிய ஊழியக்காரராக இருக்கட்டும், எத்தனை நரைத்த தலையாக இருக்கட்டும், கர்த்தர் உன் கையில் கொடுத்ததை இன்னொருவருடைய தரிசனத்துக்காக ஒரே ராத்திரியில் விட்டுவிடாதே.

உன்னை அவசரப்படுத்துகிறார்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மாதக் கடைசி என்ற கெடுவைக் கர்த்தர் வைத்தாரா, அவர்கள் வைத்தார்களா? அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படி. ஆசியாவில் வசனம் சொல்லப் பவுலுக்கு வழி அடைபட்டது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. துரோவாவில் தரிசனம் வந்த பிறகும் கூட இருந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து நிதானித்து, ஒரு முடிவுக்கு வந்த பிறகே கப்பலேறினார்கள். லூக்கா அங்கே "நாங்கள்" என்று எழுதுகிறார். பவுலுக்கே தரிசனத்தை நிதானிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அதே அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்தில் ஒரு பெண் பவுலுக்குப் பின்னாலேயே வந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று கூவிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்ல வைத்த ஆவி வேறு. அவளால் அவள் எஜமான்களுக்கு நல்ல ஆதாயம். ஒருவர் உன் வீட்டுக் காரியத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார் என்பதற்காக, அடுத்து அவர் சொல்லும் கட்டளையும் கர்த்தருடையது என்று ஆகாது. உங்கள் ஊரில் உன் காரியம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் உனக்குத் தெரியும்.

கர்த்தர் இன்றும் அழைக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. வேலூர் மருத்துவமனையை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் மிஷனரி வீட்டில் பிறந்தும், மிஷனரியாக வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரு ராத்திரி மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க வரும்படி கேட்டார்கள். இவருக்கு வைத்தியம் தெரியாது. தகப்பனாரோ டாக்டர், ஆனால் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மூவரும் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அன்றுதான் அழைப்பு வந்தது. பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். 1909இல் நர்ஸ் படிப்பையும் வேலூரில் தொடங்கினார். அந்த அழைப்பு ஏறக்குறைய பத்து வருஷப் படிப்பையும் காத்திருப்பையும் தாங்கியது. உன் அழைப்பு உண்மையாக இருந்தால் ஆறு மாதம் தாங்காதா? இன்னொன்று, ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வில் ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அது ஊழியம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

பகுத்தறியும் திறமை ஒரு நாளில் வருகிற வரம் என்று நினைக்காதே. எபிரெயர் 5:14 அதைப் பழக்கத்தினால் வருவதாகவே சொல்கிறது. வார்டில் சேர்ந்த புதிதில் நாடியைப் பிடித்துவிட்டு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாய், இன்றைக்குத் தொட்டதுமே ஏதோ சரியில்லை என்று விரல் சொல்லிவிடுகிறது. எத்தனையோ நல்ல நாடிகளைத் தொட்டுப் பழகியதால் வந்தது அது. வேதத்தையும் அப்படிப் படி. புத்தாண்டு ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுப்பதையும் போனில் வரும் வசனப் படத்தையும் நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அவை ஆறுதல்தான். ஆனால் ஒற்றை வசனத்தை வைத்து வாழ்க்கையைத் திருப்பாதே. ஒரு சுவிசேஷத்தை எடுத்தால் முதலிலிருந்து கடைசிவரை படி. இயேசு எப்படிப் பேசுகிறார், யாரை அவசரப்படுத்துகிறார், யாரிடம் பொறுமையாக இருக்கிறார் என்று காது பழகட்டும். பழகிய குரலைத்தான் கூட்டத்தில் அடையாளம் காண முடியும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ராஜினாமா எழுதியிருந்தால் கொடுக்காதே. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. அம்மாவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல். ஐயரையும், வார்டில் உனக்கு மூத்தவர்களில் ஜெபிக்கிற அக்கா ஒருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசு. அந்தக் குழுவில் உன் சம்பளத்தைப் பற்றியோ காணிக்கையைப் பற்றியோ யாராவது கேட்டார்களா என்று எனக்கு மறைக்காமல் எழுது. நீ நிதானிப்பதைப் பார்த்து அவர்கள் கோபப்பட்டால் அதையும் எழுது. அடுத்த மாதம் நான் ஊருக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். அதுவரை வேலைக்குப் போ.

அன்புடன்,
பெரியப்பா