மெத்தனால் பாடம்: கருணாபுரத்துக்குப் பிறகு ஒரு வகுப்பறை

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ என்ற அலகு இருக்கிறது. அதில் கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் தயாரிக்கும் முறையைப் படிக்கிறோம். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்ட மாணவர்களுக்குக் கழிவுப்பாகு புதிய சொல் அல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. எனவே இந்தப் பாடத்தை எளிதாகத் தொடங்கிவிடலாம். ஆனால் ஆல்கஹால் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

காரணம் நாம் அறிந்ததே. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். பெண்களும் இருந்தார்கள். ஒரே நாளில் தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

திருநாவலூர் ஒன்றியத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் நான், இந்த அலகை மூன்று பாடவேளைகளாகப் பிரித்து நடத்துகிறேன். ‘குடிக்காதே’ என்று சொல்வது மட்டும் இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல. வீட்டில் ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது அதை அடையாளம் காணப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளை தன் வீட்டு நிலைக்காக வகுப்பில் வெட்கப்படவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பாடம் பயன் தரும்.

முதல் பாடவேளை: ஒரு கார்பன், இரண்டு கார்பன்

களிமண் உருண்டைகளையும் ஈர்க்குச்சிகளையும் கொண்டு மாணவர்களே மாதிரிகள் செய்கிறார்கள். எத்தனாலுக்கு இரண்டு கார்பன், மெத்தனாலுக்கு ஒரு கார்பன். இரண்டும் நிறமற்ற நீர்மங்கள், இரண்டும் நீரில் கரையும், இரண்டும் எரியும். கொதிநிலை எத்தனாலுக்கு 78 டிகிரி செல்சியஸ், மெத்தனாலுக்கு ஏறத்தாழ 65 டிகிரி. பார்த்தோ, முகர்ந்தோ, சுவைத்தோ எது எதுவென்று சொல்ல முடியாது. ‘நல்ல சரக்கு எது என்று எனக்குத் தெரியும்’ என்று ஊரில் பெருமை பேசுபவருக்கும் தெரியாது. இதை மாணவர்கள் உறுதியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மெத்தனால் ஒரு தொழிற்சாலைப் பொருள். பெயிண்ட் கரைப்பான்கள், பிசின்கள், வேறு பல வேதிப்பொருள்கள் செய்ய அது பயன்படுகிறது. விலை குறைவு என்பதால் கள்ளச்சாராயம் விற்பவர்கள் அதைக் கலக்கிறார்கள். ஆய்வகத்தில் மெத்தனாலை வைத்து எதையும் செய்து காட்ட வேண்டாம். பாடநூலில் உள்ளதற்கு மேல் சாராயம் காய்ச்சும் முறை, கலக்கும் அளவு ஆகியவற்றைப் பேசவும் வேண்டாம்.

இரண்டாம் பாடவேளை: உடலுக்குள் நடப்பது

கல்லீரலில் உள்ள நொதிகள் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. எறும்பு கடித்தால் எரிவது இந்த அமிலத்தால்தான் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். ஃபார்மிக் அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையைத் தடுக்கிறது. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. முதலில் பாதிக்கப்படுவது பார்வை நரம்பு. 10 மி.லி. தூய மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடக்கூடும். 30 மி.லி. உயிரைப் பறிக்கக்கூடும்.

இந்த மாற்றம் நடக்க நேரம் ஆகிறது என்பதுதான் பாடத்தின் மையம். குடித்தவர் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் வரைகூட, வழக்கமான போதையில் இருப்பவர் போலவே தெரிவார். பிறகு வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, கண் மங்குதல், மூச்சு வாங்குதல் என்று ஒவ்வொன்றாக வரும். வீட்டில் உள்ளவர்கள் ‘போதை தெளியட்டும், தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்தில்தான் உயிர் போகிறது.

ஆகவே மாணவர்கள் குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுதிக்கொள்கிறார்கள்:

1. குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, வாந்தியும் வயிற்றுவலியும் விடாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108-க்கு அழைக்க வேண்டும்.
2. மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் தண்ணீர் ஊற்றுதல், வாந்தி எடுக்க வைத்தல் என்று நேரத்தை வீணாக்கக் கூடாது.
3. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடன் சேர்ந்து குடித்தவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொல்ல வேண்டும்.

‘போலீஸ் பிடிக்கும்’ என்ற பயத்தில் குடும்பங்கள் தயங்குவது உண்டு. மருத்துவமனையின் முதல் வேலை உயிரைக் காப்பது என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெத்தனால் நஞ்சுக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பார்கள் என்பதைக் கைப்பேசியில் தேடும் மாணவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். அது உண்மைதான். கல்லீரல் நொதி எத்தனாலைத்தான் முதலில் பற்றிக்கொள்ளும்; அதனால் மெத்தனால் நஞ்சாக மாறுவது தாமதப்படும். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அந்த நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் இது இரத்தப் பரிசோதனையும் டயாலிசிஸ் வசதியும் உள்ள மருத்துவமனையில், மருத்துவர் அளவு பார்த்துச் செய்யும் சிகிச்சை. அதை நாம் விளக்காமல் விட்டால், ‘கடைச் சரக்கு கொஞ்சம் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்ற பாதி அறிவு வீட்டுக்குப் போய்விடும்.

மூன்றாம் பாடவேளை: சமூக அறிவியலோடு சேர்த்து

இந்தப் பாடவேளையைச் சமூக அறிவியல் ஆசிரியரும் நானும் சேர்ந்து எடுக்கிறோம். நம் பக்கத்து மாவட்டமான சேலத்தில்தான் இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு மக்களின் ஊட்டச்சத்தையும் மதுவிலக்கையும் ஒரே இடத்தில் அரசின் கடமையாகக் கூறுகிறது. 2024 நிகழ்வுக்குப் பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. மதுவிலக்கு வேண்டுமா, முறைப்படுத்துதல் போதுமா என்று மாணவர்கள் வாதிடட்டும். தீர்ப்பு நாம் சொல்ல வேண்டியதில்லை.

உலக நிகழ்வுகளையும் சேர்த்துக்கொள்கிறோம். 2012-இல் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தனர். அரசு கடின மது விற்பனையையே சில நாள் நிறுத்தியது. 2020-இல் ஈரானில், மது குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டுச் சுற்றுலாத் தலம் ஒன்றில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தனர். இதைக் கேட்கும்போது, இது தங்கள் தெருவுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல என்று பிள்ளைகள் உணர்கிறார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தேவை. ‘மலை என்றாலே சாராயம்’ என்ற பேச்சு அவர்களைத் துரத்துகிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் விளையும் மலை என்பதையும் வகுப்பில் சொல்வோம்.

நாம் செய்யக்கூடாதவை

‘யார் வீட்டில் குடிக்கிறார்கள்? கை தூக்குங்கள்’ என்று கேட்கக் கூடாது. இறந்தவர்களின் படங்களையும் கதறும் குடும்பங்களின் காணொளிகளையும் காட்டக் கூடாது. அந்தத் தெருவில் சொந்தம் உள்ள பிள்ளை நம் வகுப்பில் இருக்கலாம். ‘அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று உறுதிமொழித் தாளைக் கொடுத்து அனுப்பக் கூடாது. குடித்துவிட்டு வருபவரின் முன் அந்தத் தாளோடு நிற்கப்போவது பிள்ளைதான்.

பெயர் எழுத வேண்டாத கேள்விப் பெட்டி ஒன்றை வகுப்பில் வைத்திருக்கிறேன். அதில் அடிக்கடி வருவது இதுதான்: ‘எங்க அப்பாவும் குடிக்கிறாரு சார், அவரும் செத்துடுவாரா?’ இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். குடிப்பவர் எல்லாரும் நாளையே இறந்துவிடுவதில்லை. ஆனால் எந்தக் குடியும் உடலைக் கெடுக்கும், கள்ளச்சாராயம் எப்போது வேண்டுமானாலும் கொல்லும். குடிநோய் சிகிச்சை உள்ள நோய். அப்பா குடிப்பது உன்னால் அல்ல, அவரைத் திருத்துவது உன் வேலையும் அல்ல. ஆபத்து தெரிந்தால் ஒரு பெரியவரிடம் சொல்வது மட்டுமே உன் வேலை.

யாரிடம் சொல்வது?

தொடக்க வகுப்புகளுக்கு வேதியியல் வேண்டாம். பிள்ளை தன் கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் நம்பிக்கையான ஒரு பெரியவரின் பெயரை எழுதட்டும். அம்மாச்சி, பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடி டீச்சர் என்று யாராகவும் இருக்கலாம். ஐந்து விரலும் நிரம்பாத பிள்ளை யார் என்பதை நாம் அமைதியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். சுந்தரர் பிறந்த ஊர் எங்கள் திருநாவலூர். பெற்றோர் இருக்கும்போதே அவரை நரசிங்கமுனையரையர் அன்போடு எடுத்து வளர்த்தார் என்ற வரலாறு இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளை வளர்ப்பு பெற்றோரோடு முடிவதில்லை என்பதை எங்கள் ஊரில் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எண்களையும் வகுப்புச் சுவரில் எழுதி வைக்கலாம்: அவசர ஊர்தி 108, குழந்தைகள் உதவி 1098, மாணவர் வழிகாட்டுதல் 14417, போதை மீட்பு ஆலோசனை 14446, கள்ளச்சாராயப் புகார் 10581.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பார்ப்பதும் நம் கையில் இருக்கிறது. கருணாபுரம் நிகழ்வில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், கல்விச் செலவும் அரசு அறிவித்தது. மற்ற பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இரு பெற்றோரையும் இழந்தவர்கள் இதைப் பெறலாம். ஒருவரை இழந்து, மற்றவரும் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளும் பெறலாம். தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்த முதல் ஆள் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

ஆகஸ்டு 11-இல் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். அந்த வாரத்திலேயே இந்த மூன்று பாடவேளைகளையும் நடத்திப் பாருங்கள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘குடித்தவர் தூங்குகிறார், எழுப்பினால் எழவில்லை. என்ன செய்வாய்?’ வகுப்பு முழுவதும் தயங்காமல் ‘108’ என்று சொன்னால் பாடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.