குழந்தைக்கு மூக்கடைப்பா? மிஷின் வாங்கும் முன் தெரிந்து கொள்வோம்



ஐப்பசி மழை பிடித்தால் தை முடியும் வரை நம் வீடுகளில் சிறு குழந்தைகளுக்குச் சளியும் மூக்கடைப்பும் மாறி மாறி வரும். "ராத்திரி பூரா மூக்கடைச்சிக்கிட்டு பால் குடிக்க மாட்டேங்குது, மிஷின் ஒண்ணு வாங்கி வைக்கலாமா? குழுவுல கடன் கிடைக்குமா?" என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். கடன் கொடுப்பது பெரிதல்ல. வாங்கும் பொருள் குழந்தைக்கு நல்லதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக் கொண்டோம்.

மூக்கடைப்பு ஏன் குழந்தையை வாட்டுகிறது?

சில மாதக் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. மூக்கு அடைத்தால் பால் குடிக்கும்போது மூச்சு முட்டும். உடனே மார்பை விட்டுவிட்டு அழும். சளி காய்ந்து கெட்டியானால் அடைப்பு கூடும். சளி இளகினால் மூச்சு எளிதாகும். ஈரக்காற்று நல்லது என்று சொல்வது இதனால்தான். ஆனால் ஈரக்காற்று சளியைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. சாதாரண சளி 7 முதல் 10 நாளில் தானாகவே குறையும்.

மூன்று மிஷின், மூன்று வேலை

கடையில் கேட்டால் மூன்றையும் ஒன்றுபோலக் காட்டுவார்கள். நாம் பிரித்துத் தெரிந்து கொள்வோம்.

1. ஆவி பிடிக்கும் மிஷின்: தண்ணீரைக் கொதிக்க வைத்து சூடான ஆவி தரும். சிறு குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். தவழும் குழந்தை வயரை இழுத்தால் கொதிநீர் மேலே கொட்டும்.

2. நெபுலைசர்: இழுப்பு உள்ளவர்களுக்கு மருந்தைப் புகை போல் மூச்சில் கொடுப்பது. மருத்துவர் சொன்னால் மட்டுமே. சாதாரண மூக்கடைப்புக்கு இது தேவையில்லை.

3. ஹியூமிடிஃபையர்: அறைக் காற்றில் ஈரத்தைக் கூட்டுவது. இதில் சூடான ஆவி தரும் வகையும் உண்டு, குளிர்ந்த பனி போல விடும் வகையும் உண்டு. குழந்தை அறைக்கு குளிர்ந்த வகைதான் ஏற்றது.

நம் வீட்டுக்கு இது தேவையா?

அறைக் காற்றில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். நம் கடலோர மாவட்டங்களில் மழைக்காலத்தில் அது பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத வீட்டில் மேலும் ஈரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதுவே குழந்தைக்கு இருமலையும் இழுப்பையும் கிளப்பிவிடும்.

இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறை, ஹீட்டர் வைக்கும் மலைப்பகுதி வீடு, இப்படிக் காற்று உண்மையில் வறண்டு போகும் இடத்தில் மட்டும் இந்த மிஷினால் கொஞ்சம் பயன் உண்டு. நம்மில் பலருக்கு அது தேவைப்படாது.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

- தொட்டிக்குள் கை நுழைந்து தேய்த்துக் கழுவும்படி வாய் அகலமாக இருக்க வேண்டும்.
- தண்ணீர் தீர்ந்ததும் தானே நிற்கும் வசதி வேண்டும்.
- உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் தூள் அறையெல்லாம் படியும். கொதிக்க வைத்தாலும் அந்த உப்பு போகாது. காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.
- தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, துடைத்துக் காய வைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குத் தண்ணீரில் வளரும் கிருமி நேராகக் குழந்தையின் மூச்சில் போகும்.
- குழந்தையின் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். தைலம், கற்பூரம் எதையும் அதில் போடக் கூடாது.

காசில்லாத நல்ல வழி

மெடிக்கல் கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது. வீட்டிலும் செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் (200 மில்லி) எடுத்து, தூள் உப்பு கால் டீஸ்பூன் மட்டும் கலக்குங்கள். தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். பால் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விடுங்கள். சளி இளகியதும் சுத்தமான மெல்லிய துணியைத் திரி போல முறுக்கித் துடைத்து எடுங்கள். பிறகு பால் கொடுங்கள். ஒரேயடியாகக் குடிக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

விறகடுப்புப் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி சிகரெட் புகை இவை குழந்தை படுக்கும் இடத்துக்கு வரக் கூடாது.

இவற்றைச் செய்யாதீர்கள்

- கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைப் பிடிக்காதீர்கள். தவறிக் கொதிநீர் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேஸ்ட், மை தடவாதீர்கள்.
- மூக்கில் எண்ணெய் விடுவதும், வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம். "எங்க பாட்டி காலத்துல இருந்து செய்யறோம்" என்பார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.
- கற்பூரம் கலந்த எண்ணெய், தைலம் சிறு குழந்தைக்குத் தடவாதீர்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.
- ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள்.
- கடையில் கேட்டு சளி மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அறிவுறுத்தியது.

மூச்சை எண்ணத் தெரிந்து கொள்வோம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். எந்த மிஷினும் நிமோனியாவைக் கண்டுபிடித்துச் சொல்லாது. தாயின் கண்ணும் ஒரு கடிகாரமும் சொல்லும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

- 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
- 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் வேகமூச்சு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்கவே முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலமாவது, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நியூமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியாவைத் தடுக்கும் தடுப்பூசி 2021 முதல் நம் மாநிலத்தில் அரசு சார்பில் இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் என மூன்று தவணை. அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப் போயிருந்தால் நர்சம்மாவிடம் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? எல்லோருக்கும் தடுப்பூசி முடிந்ததா?
2. ஒரு குழந்தையை வைத்து எல்லோரும் மூச்சை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்து வருகிறதா?
3. இரவில் அவசரம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே பணம் தர நம் குழுவில் என்ன ஏற்பாடு?

மிஷினுக்குக் கேட்ட கடன் ஒரு மாதம் பொறுக்கலாம். வேகமூச்சு வாங்கும் குழந்தை ஒரு இரவு கூடப் பொறுக்காது. கைவசம் இருக்கும் சேமிப்பை அதற்கென்று ஒதுக்கி வைப்போம்.