கூரையே விளக்கு: உள்ளரங்க ஃபிளாஷ் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் படம் எடுப்பதற்காக, கேமராவின் தலைமேல் தனியே பொருத்தும் ஃபிளாஷ் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்க முனைவோரிடையே பல நம்பிக்கைகள் வழங்கி வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அடியோடு பொய்யானவை என்று கூறிவிட முடியாது. திறந்த வெளியிலோ பழைய பிலிம் காலத்திலோ மெய்யாக இருந்து, நான்கு சுவர்களுக்குள் வந்தபின் பொருத்தம் இழந்தவை அவை.

வழிகாட்டி எண் கூடக் கூட ஃபிளாஷ் சிறந்தது என்பது அவற்றுள் முதலாவது. கைடு நம்பர் என்று கடைகளில் சொல்லப்படும் இந்த வழிகாட்டி எண், ஐஎஸ்ஓ 100 என்ற உணர்திறன் அளவில் ஃபிளாஷ் முழு ஆற்றலுடன் மின்னும்போது, படம் எடுக்கப்படுபவர் நிற்கும் தூரத்தை லென்ஸ் துவாரத்தின் எஃப் எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பாகும். 40 என்ற எண்ணுடைய ஃபிளாஷ், எஃப்/4 துவாரத்தில் 10 மீட்டர் தொலைவு வரை போதிய ஒளி தரும் என்பது இதன் பொருள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் 60 என்ற எண், ஃபிளாஷின் தலைக்குள் இருக்கும் செனான் குழல் பின்னுக்கு நகர்ந்து, 200 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ற குறுகிய கற்றையாக ஒளியைக் குவித்த நிலையில் அளக்கப்படுவது. அறைக்குள் மிகுதியும் பயன்படும் 35 மி.மீ. நிலைக்கு வந்தால், அதே ஃபிளாஷின் எண் ஏறத்தாழ 36 முதல் 40 வரை இறங்கிவிடும். ஒரு நிறுவனம் 105 மி.மீ. நிலையில் அளந்து கூறும் எண்ணையும் மற்றொன்று 200 மி.மீ. நிலையில் அளந்து கூறும் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒருவர் படியாலும் இன்னொருவர் மரக்காலாலும் அளந்த நெல்லை எண்ணிக்கை பார்த்து மதிப்பிடுவதற்கு நிகரானது. தவிரவும், எண் 1.4 மடங்கு ஆவதற்கு ஆற்றல் இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்பதால், 58க்கும் 60க்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண இயலாது.

உண்மையில் எவ்வளவு ஆற்றல் தேவைப்படும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். பத்தடி உயரக் கூரையுள்ள கூடத்தில், மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரை நோக்கி, ஃபிளாஷை நேராக அடிக்காமல் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தால், ஒளி கடக்கும் பாதை ஏறத்தாழ 4.2 மீட்டர் ஆகும். ஐஎஸ்ஓ 800 என்று வைத்தால் 36 என்ற வழிகாட்டி எண் 100ஐச் சற்றே தாண்டும். அதைப் பாதையின் நீளத்தால் வகுத்து, கூரை விழுங்குவதற்கும் சிதறடிப்பதற்கும் மூன்று ஸ்டாப், அதாவது ஒளியில் எட்டில் ஏழு பங்கு, கழித்தாலும் எஃப்/8 துவாரத்துக்குப் போதிய ஒளி எஞ்சுகிறது. எஃப்/4 துவாரத்தில் எடுப்பவருக்கு முழு ஆற்றலில் கால் பங்கே போதுமானது. இரண்டே பேட்டரியில் இயங்கும் சிறிய ஃபிளாஷ்கூட இந்தக் கூடத்தில் பாதி ஆற்றலோடு வேலையை முடித்துவிடும். அதே கணக்கை இருபதடி உயரக் கூரையுள்ள திருமண மண்டபத்தில் போட்டால், பாதை ஒன்பது மீட்டருக்கும் மேலாகி, பெரிய ஃபிளாஷே எஃப்/4 துவாரத்துக்கு முழு ஆற்றலையும் செலவழிக்க நேரும். சிறியது அங்கே தோற்றுப்போகும். எனவே பெட்டியில் உள்ள எண்ணைக் காட்டிலும், வாங்குபவர் எந்தக் கூரையின்கீழ் நின்று படம் எடுக்கப் போகிறார் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் ஒளியைப் படக்கலைஞர்கள் பவுன்ஸ் என்பர். இதனால் முகத்தில் விழும் ஒளி மென்மையாவதற்குக் காரணம், விரல் நீள விளக்கொன்று, கூரையில் விரியும் பல அடி அகல ஒளித்திட்டாக மாறிவிடுவதே. ஒளிமூலம் பொருளை நோக்க எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மங்கும். இங்கே விளக்காகச் செயல்படுவது கூரையே என்பதால், அதன் நிறமும் படத்தில் இறங்கும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரை நன்று; பிஸ்தா பச்சைச் சுவரில் பட்டு வரும் ஒளி மணமகளின் முகத்தையும் பச்சையாக்கும்; மஞ்சளும் சிவப்புமான பந்தல் துணியின்கீழ் அதே கதைதான். கருத்த மரச்சட்டங்கள் நெருக்கமாக ஓடும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் ஒளியின் பெரும்பகுதி திரும்பி வருவதே இல்லை. அத்தகைய இடங்களில் வெளிறிய பக்கச் சுவரைத் தேடுவதே வழி. மேலும், ஒளி உச்சியிலிருந்து மட்டும் விழுந்தால் கண்குழிகளில் நிழல் தேங்கும் என்பதால், தேர்ந்தவர்கள் ஃபிளாஷின் தலையைச் சற்றே பின்புறமோ பக்கவாட்டிலோ திருப்பி, ஒளி சாய்வாக வரும்படி செய்வர்.

ஃபிளாஷின் தலை மேல்நோக்கிச் சாய்ந்தால் போதும் என்ற நம்பிக்கை தடுமாறுவது இந்த இடத்தில்தான். விலை மிகக் குறைந்த சில ஃபிளாஷ்களின் தலை மேலும் கீழும் மட்டுமே சாயும். இடமும் வலமும் சுழலாது. கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்வரை இக்குறை தெரிவதில்லை. நின்றிருக்கும் மணமக்களை முழு உருவமாக எடுக்கக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிய கணத்தில், கூரையைப் பார்த்திருந்த தலை பக்கவாட்டில் திரும்பி, எங்கோ இருக்கும் சுவரையோ அருகில் நிற்பவரின் கன்னத்தையோ நோக்கிவிடும். வழிகாட்டி எண்ணில் பத்து குறைந்தாலும் குற்றமில்லை; இரு திசையிலும் திரும்பாத தலையுடைய ஃபிளாஷ் உள்ளரங்க வேலைக்கு வாங்கத் தக்கதன்று.

டிஃப்யூசர் எனப்படும் வெண்ணிற பிளாஸ்டிக் மூடியை மாட்டினால் ஒளி மென்மையாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்த்து நோக்கத் தக்கது. அந்த மூடி விளக்கின் அளவை ஏறக்குறைய கூட்டுவதே இல்லை. ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்து, கூரையிலும் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் பகுதியை மிகுவிக்கிறது. ஆகவே வெள்ளைச் சுவர்களுள்ள சிற்றறையில் அது பயன் தருகிறது. திறந்த முற்றத்தில் ஒளியை வீணாக்குவதற்கு அப்பால் ஒன்றும் செய்வதில்லை. ஃபிளாஷின் தலையில் கட்டிய வெள்ளை அட்டைத் துண்டொன்று அதைவிட நல்ல பலனைப் பல வேளைகளில் தந்துவிடுகிறது என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

டிடிஎல் இல்லாத ஃபிளாஷ் பயனற்றது என்பது அடுத்தது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து, ஃபிளாஷின் ஆற்றலைக் கேமராவே தீர்மானிக்கும் முறை டிடிஎல் எனப்படும். 1975இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, பிலிமின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து இதனைச் செய்துகாட்டியது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள், படம் பதிவதற்குச் சற்று முன்னர் மெல்லிய முன்மின்னல் ஒன்றை விட்டு, அது திரும்பும் அளவைக் கொண்டு கணிக்கின்றன. ஆயினும் கேமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தை ஒட்டியதாகவே கொள்ளும் இயல்புடையது. வெண்பட்டு வேட்டியும் சட்டையுமாக மணமகன் சட்டத்தை நிறைத்து நின்றால், ஒளி மிகுந்துவிட்டதாக எண்ணி அது ஆற்றலைக் குறைத்துவிடும். பட்டுச்சேலையின் சரிகை முன்மின்னலை நேரே திருப்பி அனுப்பினாலும் அதுவே நிகழும். மணமேடையிலும் வரவேற்பு மேடையிலும் தூரம் மாறுவதில்லை என்பதால், ஒருமுறை சரிபார்த்து நிறுத்திய மேனுவல் ஃபிளாஷ், அதாவது ஆற்றலைக் கையால் அமைக்கும் ஃபிளாஷ், நூறு படங்களையும் ஒரே ஒளியில் தரும். ஓடும் குழந்தைகளையும் மாப்பிள்ளை அழைப்பையும் எடுப்பவருக்கோ தூரம் நொடிக்கு நொடி மாறும். அவருக்கு டிடிஎல்லுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானதே.

எந்த ஃபிளாஷும் எந்தக் கேமராவிலும் மின்னும் என்ற நம்பிக்கைதான் பணத்தை நேரடியாக இழக்கச் செய்வது. ஃபிளாஷைச் செருகும் உலோகத் தட்டு ஹாட் ஷூ எனப்படும். அதன் நடுவிலுள்ள தொடுமுனையே மின்னுக என்ற கட்டளையை அனுப்புவது என்பது பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவாக இருந்து வந்த ஏற்பாடு. கேனான் நிறுவனமோ 200டி கேமராவின் இரண்டாம் பதிப்பு, 3000டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த நடு முனையையே நீக்கிவிட்டது. ஆகவே, நடு முனையை மட்டும் நம்பி இயங்கும் மலிவான மேனுவல் ஃபிளாஷ் இவற்றின்மேல் வைத்தால் மின்னாது. மலிவு ஃபிளாஷை நாடுவோர் கையில் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய தொடக்கநிலைக் கேமராக்களே என்பது இதிலுள்ள முரண்.

பழைய பிலிம் கால ஃபிளாஷைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பொருத்துவது சிக்கனம் என்பாரும் உளர். அக்காலத்து விவிட்டார் 283 போன்ற புகழ்பெற்ற ஃபிளாஷ்களின் முற்காலத் தயாரிப்புகளில், ஹாட் ஷூ முனைகளுக்கிடையே 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் நிற்பது உண்டு. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10330 கூறும் வரம்போ 24 வோல்ட். ஃபிளாஷை மின்னேற்றி, மல்டிமீட்டரால் அளந்து பாராமல் டிஜிட்டல் கேமராவில் ஏற்றுவது கேமராவையே பணயம் வைப்பதாகும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, 1.5 வோல்ட் ஆல்கலைன் செல் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லைக் காட்டிலும் வலுவானது என்ற எண்ணம் எண்களைப் பார்த்து எழுந்தது. ஃபிளாஷுக்கு வேண்டுவது, உள்ளிருக்கும் மின்தேக்கியை விரைந்து நிரப்பக்கூடிய மிகுதியான மின்னோட்டம்; நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல்களின் உள்தடை குறைவு என்பதால், அடுத்த மின்னலுக்கு ஃபிளாஷை விரைவில் ஆயத்தமாக்குபவை அவையே. தாலி கட்டும் நேரத்தில், ஆயத்த விளக்கு எரியக் காத்திருக்கும் ஐந்து நொடி மிக நீண்டது.

இப்போது எல்இடி விளக்கு இருக்கையில் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்பது பரவி வருகிறது. ஃபிளாஷின் மின்தேக்கி, 330 வோல்ட் அளவில் 1400 மைக்ரோஃபாரட் கொள்ளுமானால், அதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 76 ஜூல். அது முழுவதும் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்கிறது. 60 வாட் எல்இடி, ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும்போது தருவதோ 1 ஜூல். எல்இடி மின்சாரத்தை ஒளியாக மாற்றுவதில் செனானைவிடத் திறமையானது என்பதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி பல மடங்காகவே நிற்கிறது. வீடியோவுக்கு எல்இடி போலத் தொடர்ந்து எரியும் விளக்கைத் தவிர வேறு வழி இல்லை. அசையும் மனிதர்களின் ஒளிப்படத்துக்கு ஃபிளாஷே இன்றும் மலிவு.

ஹெச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக ஷட்டர் வசதியைப் பற்றி நீள உரைக்க வேண்டியதில்லை. அது கொளுத்தும் வெயிலில் துவாரத்தை அகலத் திறந்து எடுப்பவருக்கு உரியது. 1/200 நொடிக்குமேல் ஷட்டர் செல்லாத அறைக்குள் அதற்கெனக் கொடுக்கும் பணம் மீள்வதில்லை.

ஆகவே ஃபிளாஷ் வாங்கச் செல்வோர் விலை பேசுவதற்கு முன், தம் சொந்தக் கேமராவைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதன்மேல் ஃபிளாஷைப் பொருத்தி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலையைக் கூரை நோக்கித் திருப்பி, முழு ஆற்றலில் பத்து முறை தொடர்ந்து மின்னச் செய்து பார்ப்பாராக. இதற்கு இசையாத கடையில் வாங்காமல் திரும்புவதே நலம்.