சிமெண்டு மூட்டையும் போட்டிச் சட்டமும்
(பொருளியல், மூன்றாம் ஆண்டு)

பாடநூலில் ‘முற்றுரிமை’ என்னும் அதிகாரத்தைப் படிக்கும் நம்மில் பலர், அது எங்கோ அமெரிக்காவில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நேர்ந்த கதை என்று எண்ணுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் எங்கள் மேடவாக்கத்தில் அப்பாடத்தைத் தெருவிலேயே படிக்கலாம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஊராகிவிட்டது. கூட்ரோட்டிலிருந்து எத்திசையில் நடந்தாலும் கட்டி முடியாத வீடும், அதன் வாசலில் அடுக்கிய சிமெண்டு மூட்டைகளும் கண்ணில் படும். அந்த மூட்டையின் விலையைத் தீர்மானிப்பவர் யார்? இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

சிமெண்டின் இயல்பு

சிமெண்டு கனமான சரக்கு. அதன் மதிப்போ எடையை நோக்கக் குறைவு. ஆகவே சுண்ணாம்புக்கல் கிடைக்கும் அரியலூர், டால்மியாபுரம், சங்கரி, தாழையூத்து போன்ற இடங்களில் ஆலைகள் எழுகின்றன. நெடுந்தொலைவு கொண்டு சென்றால் லாரி வாடகை கட்டுபடியாகாது. இராஜஸ்தானில் எத்தனை ஆலைகள் போட்டியிட்டாலும் மேடவாக்கத்தில் வீடு கட்டுபவருக்கு அதனால் பயன் சிறிதே. சிமெண்டுக்குச் சந்தை என்பது நாடு அன்று, வட்டாரமே.

மற்றொன்று, தேவை நெகிழ்ச்சி. பாதிச் சுவர் எழுப்பியவர், விலை ஏறிவிட்டதென்று வேலையை நிறுத்த முடியாது. கடன் வாங்கியாவது வாங்குவார். விற்பவர் சிலராகவும் வாங்குபவர் விலக முடியாதவராகவும் உள்ள இடத்தில்தான் சட்டத்தின் காவல் தேவைப்படுகிறது.

சட்டம் வந்த வழி

1964இல் கே.சி. தாஸ் குப்தா தலைமையில் அமைந்த முற்றுரிமை விசாரணை ஆணையத்தின் தொடர்ச்சியாக, 1969இல் முற்றுரிமை மற்றும் கட்டுப்பாட்டு வாணிப முறைகள் சட்டம் இயற்றப்பட்டது. 1970 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துள்ள தொழில்கள் விரிவடையவும் இணையவும் அரசின் அனுமதி வேண்டும் என்றது. 1985இல் அவ்வரம்பு 100 கோடியாயிற்று. 1991இல் முன்னனுமதி விதியே நீக்கப்பட்டது.

2002இல் போட்டிச் சட்டம் பிறந்தது. பழைய சட்டம் பெரிதாக இருப்பதையே ஐயுற்றது, புதிய சட்டம், “இதனால் போட்டிக்குக் கேடு உண்டா?” என்று கேட்கிறது. பெரிய இணைப்புகளைப் போட்டி ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்னும் விதி 2011 ஜூன் முதல் நாளிலிருந்து செயற்படுகிறது.

கூடிப் பேசுதலும் ஒன்றாகிவிடுதலும்

2012 ஜூனில், விலையையும் உற்பத்தியையும் கூடிப் பேசி முடிவு செய்ததாகப் பதினொரு சிமெண்டு நிறுவனங்களுக்கு ஆணையம் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியா சிமெண்ட்ஸ், அல்ட்ராடெக், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். விசாரணை முறையில் குறை கண்ட தீர்ப்பாயம் 2015இல் அவ்வாணையை நீக்கியது. ஆணையம் மீண்டும் விசாரித்து 2016இல் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. கூடிப் பேசியதை மெய்ப்பிப்பது எத்துணை நீண்ட வேலை என்பதை இவ்வழக்கே காட்டும்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரு நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்தால் குற்றம். அவ்விரண்டும் ஒரே நிறுவனமாகிவிட்டால்? பேச வேண்டிய தேவையே இல்லை, குற்றமும் இல்லை! இணைப்பை முன்கூட்டியே சோதிக்கும் விதியின் உயிர்நாடி இதுவே என்பேன்.

ஒரு கணக்கு

ஒரு வட்டாரத்தில் ஐந்து நிறுவனங்கள் ஆளுக்கு 20 விழுக்காடு விற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2,000 வரும். இரண்டு இணைந்தால் ஒருவர் பங்கு 40, கூட்டுத்தொகை 2,800. இவ்வெண் ஏற ஏறப் போட்டி சுருங்குவதாகப் பொருள். ஆனால் நாட்டை ஒரே சந்தையாகக் கொண்டு கணக்கிட்டால் எண் சிறிதாகவும், வட்டாரம் வாரியாகக் கணக்கிட்டால் பெரிதாகவும் வரக்கூடும். எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதில்தான் தீர்ப்பே அடங்கியிருக்கிறது.

லாஃபார்ஜும் ஹோல்சிமும் உலக அளவில் இணைந்தபோது, கிழக்கிந்தியாவில் போட்டி குறையும் எனக் கண்ட ஆணையம், அங்கே இரு ஆலைகளை விற்குமாறு 2015இல் நிபந்தனை விதித்தது. முடிவில் 2016இல் லாஃபார்ஜின் இந்திய சிமெண்டுத் தொழில் முழுவதும் நிர்மா குழுமத்துக்கு விற்கப்பட்டது.

நம் மாநிலத்து வழக்கு

1946இல் தொடங்கி, தாழையூத்தில் முதல் ஆலையை நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸை நாம் அறிவோம். நாட்டின் மிகப் பெரிய சிமெண்டு நிறுவனமான அல்ட்ராடெக், 2024 ஜூலையில் அதன் 32.72 விழுக்காட்டுப் பங்குகளை 3,954 கோடி ரூபாய்க்கு வாங்க முடிவு செய்தது. டிசம்பர் 20ஆம் நாள் ஆணையம் இசைவளித்தது.

இதற்கு ஆதரவாகச் சொல்வதற்கும் உண்டு. இந்தியா சிமெண்ட்ஸ் 2022-23, 2023-24 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் நட்டம் கண்டது. நொடிக்கும் ஆலை மூடப்பட்டால் போட்டியும் போகும், தொழிலாளர் பிழைப்பும் போகும். ராம்கோ, செட்டிநாடு, டால்மியா, அரசின் டான்செம் ஆகியவை சந்தையில் இருக்கின்றன. எனினும் கடையில் தனித்து நின்று விலை சொல்லும் ஒரு நிறுவனம் குறைந்தது என்பதும் உண்மை.

இசைவோடு வேலை முடிந்ததெனக் கொள்ளலாகாது என்பது என் கருத்து. இணைப்புக்குப் பின் வட்டார விலை எப்படி நகர்கிறது என்பதை ஆணையம் தொடர்ந்து கவனித்து, மக்கள் அறிய வெளியிட வேண்டும். நமக்கும் கடமை உண்டு. போட்டிக் கேட்டைப் பற்றி நுகர்வோர் எவரும் ஆணையத்திடம் தகவல் தரச் சட்டம் இடம் தருகிறது. தகவல் தருவதற்கு முதலில் விலையைக் குறித்து வைத்திருக்க வேண்டும். பொருளியல் மாணவர்களாகிய நாம் நம் ஊர்க் கடைகளின் சிமெண்டு விலையை மாதந்தோறும் குறித்து வருவோமானால், இரண்டே ஆண்டுகளில் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடம் நம் கையில் இருக்கும்.